அந்தரம்: ஒரு சொல்லின் பொருளும் வழக்கும்

கண்ணாற் காணப்படும் பொருள்களின் பெயர்களுக்குப் பொருள் கூறுதல் எளிது. கலப்பை இது, துலா இது, படலை இது எனச் சுட்டிக் காட்டினால் கேட்போர் ஐயம் தீரும். உள்ளத்தில் நிகழ்வனவற்றைக் குறிக்கும் பெயர்களுக்கோ அவ்வாறு சுட்டத்தக்க பொருள் புறத்தே இல்லை. அவற்றை மக்கள் எவ்விடத்தில், எவரோடு, எத்தகைய நிலையில் வழங்குகின்றனர் என்பதை நோக்கியே பொருள் துணிதல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் நாள்தோறும் பயிலும் 'அந்தரம்' என்னும் சொல் அத்தகையது. அதற்குப் பொருள் யாதென வினவினால், மனம் ஒருவகையாக இருத்தல் என்பர் சிலர். அவசரம் என்பர் சிலர். ஆதரவற்ற நிலை என்பர் வேறு சிலர். மூவர் கூற்றும் வழக்கோடு பொருந்துவதே. ஆயினும் ஒரே சொல் இம்மூன்று பொருளையும் எவ்வாறு தாங்கிற்று என்னும் வினாவுக்கு விடை அவ்வளவு எளிதன்று.

பள்ளிக்கூடக் கட்டுரைப் பயிற்சியில் இச்சொல் வருமிடத்து, அதனைச் சிவப்பு மையினாற் கீறி, மேலே 'பதற்றம்' என்றோ 'அமைதியின்மை' என்றோ எழுதிவிடும் வழக்கம் ஆசிரியரிடையே உண்டு. கொச்சைச் சொல்லை நீக்கிச் செஞ்சொல்லை வைத்தவாறாம் என்பது அவர் கருத்து. அத்திருத்தத்தால் மாணவன் பெற்றது யாது, இழந்தது யாது என்பது ஆராயத்தக்கது. அதனை ஆராயுமுன் சொல்லின் வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

'அந்தரம்' வடமொழியினின்றும் வந்த சொல். உள்ளிடம், இடைவெளி, இடைப்பட்ட காலம், வேறுபாடு, மற்றொன்று என்னும் பொருள்கள் அம்மொழியில் அதற்கு உள. ஒரு மனுவின் ஆட்சிக்குரிய கால எல்லை மன்வந்தரம். வேற்று நாடு தேசாந்தரம். ஏட்டுச் சுவடிகளிற் காணப்படும் வேறு பாடம் பாடாந்தரம். சோதிட நூலார் தசையைப் புத்திகளாகவும் புத்தியை அந்தரங்களாகவும் பகுத்துப் பலன் கூறுவர். இடைவெளியே இல்லாதது நிரந்தரம். 'நிரந்தரம்' என்பதை நிலைபேறு என்னும் பொருளில் நாள்தோறும் வழங்குவோர், அது 'அந்தரம்' என்பதன் எதிர்மறையென்பதை நினைப்பதில்லை. இடையறவு இல்லாதது நிரந்தரமாயின், இடையறவில் நிற்பது அந்தரம் என்பது தானே போதரும்.

தமிழிலக்கியத்தில் இச்சொல் பெரும்பாலும் ஆகாயத்தைக் குறித்து வழங்கியது. மண்ணுக்கும் விண்ணுலகுக்கும் இடைப்பட்ட வெளி என்னும் கருத்தால் அப்பொருள் அமைந்தது. திருமுருகாற்றுப்படையில் வானத்தே முழங்கும் வாத்தியங்களுக்கு அடையாக இது வருகின்றது. மணிமேகலையில் வான்வழிச் செல்லும் ஆற்றல் கூறப்படுமிடத்தும் இப்பொருளே காணப்படும். இவ்விடங்களில் இச்சொல்லுக்குத் துன்பப் பொருள் சிறிதும் இல்லை. தெய்வத்தன்மை உடையோர்க்கு வெளியில் நிற்றல் பெருமையே ஆகும். மானிடன் ஒருவன் அங்கே நிறுத்தப்படும்போதுதான் துன்பம் தோன்றுகின்றது. வான்மீகி இராமாயணத்துப் பாலகாண்டத்தில் வரும் திரிசங்கு மன்னன் கதை இதனை விளக்கும். உடம்போடு சுவர்க்கம் புக விரும்பிய அவனை விசுவாமித்திரர் மேலே ஏற்ற, இந்திரன் கீழே தள்ள, இரண்டுக்கும் நடுவே அவன் தங்கலானான். மேலும் இடமில்லை, கீழும் இடமில்லை. தமிழகத்தார் இன்றும் 'அந்தரத்தில் தொங்குகிறது', 'அந்தரத்தில் விட்டுவிட்டான்' எனக் கூறுமிடத்து இக்கதையின் நிழல் படிந்தே உள்ளது.

தமிழகத்து வழக்கில் அந்தரம் பெரும்பாலும் ஓர் இடமாகவே நின்றது. ஒருவன் அதில் விடப்படுவான், அல்லது அதில் தொங்குவான். யாழ்ப்பாணத்து வழக்கில் அவ்விடம் மனத்துக்குள்ளே புகுந்துவிட்டது. 'எனக்கு அந்தரமாய் இருக்குது' என்று ஒருவர் கூறும்போது அவர் வெளியில் நிற்கவில்லை; வெளி அவருள் நிற்கின்றது. இப்பொருள் மாற்றமே இச்சொல்லின் தனிச்சிறப்பு.

இவ்வழக்கை நால்வகையாகப் பகுத்து நோக்கலாம்.

முதலாவது, உடலும் மனமும் நிலைகொள்ளாமை. புழுக்கமான இரவிற் படுத்திருப்பவர், 'நெஞ்சு அந்தரமாய்க் கிடக்குது' என்பர். நோவென்று சுட்ட ஓரிடமில்லை. சுகமென்று சொல்லவும் இயலாது.

இரண்டாவது, பிறர் முன்னிலையில் உண்டாகும் சங்கோசம். ஒருவர் அயல்வீட்டுக்கு ஓர் அலுவலாகச் செல்கின்றார். வீட்டார் உணவுண்ணும் நேரம். எழுந்து போனால் அவர்க்கு மனக்குறை; இருந்தாலோ அவர் உணவுக்கு இடையூறு. வீடு மீண்டவர், 'எனக்கெண்டால் பெரிய அந்தரமாய்ப் போச்சு' என்பர். இஃது அச்சமன்று, நாணமும் முழுவதும் அன்று. இருத்தலுக்கும் எழுதலுக்கும் நடுவே அவர் நின்ற நிலையே அவ்வாறு கூறப்பட்டது.

மூன்றாவது, செயலில் தோன்றும் பரபரப்பு. பயணம் புறப்படும் பிள்ளையை நோக்கித் தாய், 'ஏன் மேனை அந்தரப்படுறாய்? ஆறுதலாய் இருந்து சாப்பிட்டிட்டுப் போ' என்பாள். ஈண்டு அந்தரப்படுதல் விரைதலையும் மனத்தின் அலைவையும் ஒருங்கே குறிக்கின்றது. விரைந்து செய்யும் எல்லாருக்கும் இச்சொல் பொருந்தாது. ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவன் விரைகின்றான். அவன் அந்தரப்படுகிறான் என எவரும் கூறார். உடலை முன்னே செலுத்தியும் மனம் பின்னே நிற்பவனே அந்தரப்படுகின்றான்.

நான்காவது, ஆதரவு இழத்தல். தாய் தந்தையரை இழந்த சிறுவரைக் குறித்து, 'பிள்ளையள் அந்தரிச்சுப் போச்சுதுகள்' என்பர். ஊன்றுகோல் இன்றி நின்ற கொடியைப் போன்ற நிலை இது. இதனோடு சார்ந்ததே 'அந்தரம் அவசரம்', 'அந்தரம் ஆபத்து' என வரும் இணைமொழிகள். 'ஓர் அந்தரம் அவசரத்துக்கு உதவாத காசு என்னத்துக்கு?' என்னும்போது, திடீரென நேரும் முட்டுப்பாட்டையே அச்சொல் சுட்டுகின்றது.

இந்நான்கும் வேறுவேறு பொருள்போலத் தோன்றினும், அடியில் ஒரே கருத்து நிற்கின்றது. காலூன்ற இடமின்மையே அது. முதல் வழக்கில் உடலுக்குள் நிலையில்லை. இரண்டாவதிற் பிறர் நடுவில் நிலையில்லை. மூன்றாவதிற் காலத்தில் நிலையில்லை. நான்காவதில் வாழ்விலேயே நிலையில்லை. ஆகவே இவற்றைத் தொடர்பற்ற பொருள்கள் எனக் கொள்ளாது, ஒரு பொருளின் படிநிலைகள் எனக் கொள்ளுதலே பொருத்தம்.

இக்கொள்கைக்கு வழக்கிலேயே ஒரு சான்று உண்டு. அந்தரத்துக்கு எதிர்மொழியாக யாழ்ப்பாணத்தார் வழங்குவது 'ஆறுதல்' என்னும் சொல். மேற்காட்டிய தாயின் கூற்றில் 'ஆறுதலாய்' என்பது விரையாமல் என்னும் பொருளில் வந்தது. துக்க வீட்டிற் கூறப்படும் ஆறுதலோ துயர் தணித்தலைக் குறிக்கும். விரையாமையும் துயர் தணிதலும் ஒரு சொல்லில் அடங்கியவாறே, விரைவும் துயரும் அதன் எதிர்மொழியில் அடங்கின. ஒருபுறத்து இரு பொருள் மறுபுறத்து இரு பொருளோடு இவ்வாறு ஒத்து நிற்றல் தற்செயலாக நேர்ந்ததெனக் கொள்ளுதற்கில்லை. அலைதலும் அமைதலும் பற்றி அம்மக்கள் கொண்ட ஒரு முழுக்கருத்து இவ்விரு சொற்களிலும் பகிர்ந்து கிடக்கின்றது எனலாம்.

இனி, திருத்துவோர் இதற்கு ஈடாக வைக்கும் சொற்களை நோக்குக. 'பதற்றம்' உறுப்புக்களில் வெளிப்படுவது. கை பதறும், குரல் பதறும். வெளியே ஒன்றும் தோன்றாமல் ஒருவர் நாள்முழுதும் அந்தரமாக இருத்தல் கூடும். 'அமைதியின்மை' என்பது ஒன்று இல்லை என்று கூறுவதன்றி உள்ளது யாதெனக் கூறுவதன்று. 'சங்கடம்' ஓரளவு நெருங்கி வருவது. ஆயினும் வடமொழியில் அதன் அடிப்பொருள் ஒடுக்கமான வழி, நெருக்கம் என்பதாம். 'நெருக்கடி' என்பதும் அக்கருத்தினதே. 'இடுக்கண்' என்பதிலும் இடுக்கு என்னும் குறுகற் பொருள் ஒலிக்கின்றது. ஆங்கிலேயர் வழங்கும் 'அங்சயிற்றி' என்னும் சொல்லும், இறுக்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் அடியிற் பிறந்ததே. துன்பத்தை நெருக்கமாகக் காணுதல் பல மொழிகளுக்கும் பொது என்பது இவற்றாற் பெறப்படும். அந்தரமோ இவற்றின் மறுதலை. நெருக்கத்தில் அகப்பட்டவனுக்கு இடம் போதாது. அந்தரத்தில் நிற்பவனுக்கு எல்லாப் பக்கமும் வெளியே. முன்னவனுக்குச் சுவர் பகை. பின்னவனுக்குப் பற்றிக்கொள்ள ஒரு சுவர்தானும் இல்லை. இவ்விரு துன்பங்களும் வேறானவை. ஒன்றன் பெயரால் மற்றொன்றை எழுதுதல் திருத்தமாகாது.

தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல் வகுத்த நெறியில் வைத்து நோக்கினும் இச்சொல்லின் நுட்பம் புலனாகும். ஆசிரியர் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சமும் ஒன்று. அச்சம் தோன்றும் நிலைக்களங்கள் நான்கு. தெய்வம், விலங்கு, கள்வர், தம்மை ஆள்வோர் என்பன அவை. இந்நான்கும் எதிரே நிற்பவை. அஞ்சுவோன் இதற்கு அஞ்சினேன் எனச் சுட்டிக் கூறத்தக்கவை. அந்தரத்துக்கு அவ்வாறு எதிரே நிற்பது ஒன்றில்லை. ஆகவே அதனை அச்சத்துள் அடக்குதல் பொருந்தாது. அவ்வெட்டின் பின்னர் ஆசிரியர் வேறு முப்பத்திரண்டு மெய்ப்பாடுகளை எண்ணுகின்றார். விரைவு, கையாறு, ஐயம் என்பன அவற்றுள் வெவ்வேறாக எண்ணப்பட்டுள்ளன. யாழ்ப்பாணத்து அந்தரம் இம்மூன்றும் கலந்த ஒரு நிலை. பரபரப்பிலே விரைவும், ஆதரவிழந்த நிலையிலே கையாறும், இருத்தலா எழுதலா என்னும் அலைவிலே ஐயமும் உள்ளன. நூலோர் வெவ்வேறாக எண்ணியவற்றை வாழ்வு ஒன்றாகக் கலந்தது. கலந்ததற்கு வழக்கு ஒரு பெயர் தந்தது.

இச்சொல்லில் அறம் பற்றியதொரு கருத்தும் அடங்கியுள்ளது. திருவள்ளுவர் இடுக்கண் அழியாமை என 63 ஆம் அதிகாரத்தை வகுத்து, துன்பம் வந்துழி உள்ளம் தளராதிருத்தலை வற்புறுத்தினார். இடுக்கணுக்கு மருந்து அவனவன் ஊக்கமே. அந்தரத்துக்கு அம்மருந்து முழுவதும் உதவாது. காலூன்ற இடமில்லாதவன் தன் வலியால் தானே நிலத்தை உண்டாக்கிக் கொள்ளல் இயலாது. பிறனொருவன் கை நீட்டல் வேண்டும். அதனாலேயே ஊர் வழக்கில் ஒருவர் நற்குணத்தை எடுத்துரைக்கும்போது, 'அந்தரத்துக்கு உதவின மனிசன்' எனச் சிறப்பித்துக் கூறுவர். இன்பத்தில் உதவினார் பலர் இருப்பர்; அந்தரத்தில் உதவினார் பெயர் அடுத்த தலைமுறை வரையும் சொல்லப்படும். ஆகவே ஒருவர், 'அந்தரமாய் இருக்குது' எனக் கூறுதல் தன்னிலை விளக்கமாகி முடிவதில்லை; கேட்பவரை நோக்கிய ஓர் அழைப்பும் அதனுள் அடங்கியுள்ளது. 'அமைதியின்மை' எனத் திருத்தியவிடத்து அவ்வழைப்பு நின்றுவிடுகின்றது.

இத்தகைய சொற்கள் எழுத்தில் இடம்பெறலாமா என்னும் வினா ஈழத்திற் புதிதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை நாடகத்துக்கு உரிய மொழியாக்கிற்று. 1960 களின் தொடக்கத்திற் கதைகளிற் பேச்சுவழக்கை ஆளுதல் பற்றி எழுந்த வாதம் மரபுப் போராட்டம் எனப் பெயர் பெற்றது. பேச்சுவழக்கை 'இழிசனர் வழக்கு' என ஒருசாரார் இகழ்ந்தனர். மக்கள் வாழ்வை மக்கள் மொழியாலன்றி எழுதவொண்ணாது என மற்றொருசாரார் வாதித்தனர். கதையுரையாடலைப் பொறுத்தவரை இரண்டாம் சாரார் கொள்கையே நிலைபெற்றது. ஆயினும் கட்டுரை, திறனாய்வு, பாடநூல் ஆகியவற்றில் முன்னைய தயக்கம் முற்றும் நீங்கிற்றில்லை. அத்தயக்கத்துக்குக் கூறப்படும் காரணங்கள் இரண்டு.

இது வடசொல் ஆதலின் வேண்டாம் என்பது ஒன்று. வடசொல் தமிழெழுத்தொடு பொருந்தி வருமாயின் செய்யுளுக்கும் உரியதாம் எனத் தொல்காப்பியனாரே கொண்டார். அன்றியும், இச்சொல் வடிவால் வடசொல்லாயினும், நிலைகொள்ளாமை என்னும் பொருளாற் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. பிறப்பு நோக்கி வடசொல் எனவும், வழக்கு நோக்கித் திசைச்சொல் எனவும் கூறத்தக்க இருமை இதற்கு உண்டு. பிற நாட்டுத் தமிழர்க்கு விளங்காது என்பது மற்றைக் காரணம். அந்தரத்தில் தொங்குதலை அறிந்த தமிழர் எவர்க்கும், இடம் நோக்கிக் கூறினாற் பொருள் எளிதில் விளங்கும். 1842 இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்து மானிப்பாய் அகராதி எனப் பெயர்பெற்ற தொகுப்பு முதலாக, ஈழத்து அறிஞர் சொற்றொகுப்பில் முன்னின்று உழைத்தனர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் யாழ்ப்பாண வழக்குகளை விலக்காது, தனிக்குறியிட்டு ஏற்றுக்கொண்டது. அகராதி ஏற்ற வகையான சொற்களைக் கட்டுரைப் பயிற்சிக் கொப்பி விலக்குதற்கு நியாயம் யாதென்பது வினாவத்தக்கது.

இச்சொல்லை ஆதரிப்போர்பாலும் ஒரு குறை உண்டு. மண்வாசனை வேண்டுமென்னும் விருப்பால், கதையில் வரும் எல்லாரையும் எப்போதும் அந்தரப்பட வைப்போர் உளர். கடைக்குப் போனவனும் அந்தரப்படுகின்றான். கடிதம் எழுதுபவனும் அந்தரப்படுகின்றான். இவ்வாறு தூவுதலால் சொல் வலியிழந்து அணியாகிவிடும். ஒரு பாத்திரம் எவ்விரண்டுக்கு நடுவே நிற்கின்றது என்பதைக் கதை முன்னரே காட்டியிருந்தால் மட்டுமே அச்சொல் தன் முழுப்பொருளையும் தரும். 'தாய் அந்தரப்பட்டாள்' என்னும் தொடர் தன்னளவிற் சிறிதே கூறும். மகனை அனுப்பினால் அவன் படிப்பு உய்யும், அனுப்பாவிடின் வீடு உய்யும் என்னும் நிலையை ஆசிரியர் முதலில் அமைத்துவிட்டால், அதே தொடர் ஒரு பக்கத்து வருணனையை வேண்டாததாக்கும். விலக்குவோர் சொல்லின் பிறப்பையும் தூவுவோர் அதன் ஓசையையும் நோக்கினரே அன்றி, இருசாராரும் அதன் பொருளை நோக்கினாரல்லர்.

இச்சொல்லின் தேவை ஏட்டோடு நிற்பதன்று என்பதை அண்மை வரலாறு காட்டிற்று. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் துறந்து, நாவற்குழி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். பின்னே வீடு இல்லை. முன்னே சென்று தங்கும் இடம் எதுவெனத் தெரியாது. அவ்வழியில் நின்றோர் நிலையைக் கூற 'பதற்றம்' போதாது. 2009 இற் போர் முடிந்த பின்னர் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் நிலையோ இதனினும் கொடியது. இறந்தார் எனக் கொண்டு கிரியை செய்யவும் மனம் ஒவ்வாது. இருக்கின்றார் எனக் கொள்ளவும் சான்று கிடையாது. இறப்புச் சான்றிதழ் பெற மனமில்லாத குடும்பங்களுக்கு, உரியவர் காணக்கிடைக்காமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்குதற்கு 2016 இற் சட்டம் இயற்றப்பட்டது. 2017 பெப்ரவரியில் தாய்மார் பலர் கிளிநொச்சியில் வீதியோரத்தே இருந்து தொடர் போராட்டம் தொடங்கினர். இருப்புக்கும் இறப்புக்கும் நடுவே நிறுத்தப்பட்ட இந்நிலையைத் துயரம் என்றால் அது முடிந்துபோன ஒன்றனைச் சுட்டும். அச்சம் என்றால் இனி வருவதொன்றனைச் சுட்டும். இரண்டிலும் அடங்காமல் நடுவே நீள்வதற்குத் தமிழில் உள்ள பெயர் அந்தரம் என்பதே. அப்பெயரைக் கொச்சையென விலக்கிய மாணவன், தன் அயலார் துன்பத்தை எழுதப் புகுங்கால் எச்சொல்லைத் தேடுவான்?

ஒரு மொழியின் வளம் சொற்களின் தொகையால் மட்டும் அமைவதில்லை. நுண்ணிய வேறுபாடுகளைக் காக்கும் ஆற்றலாலும் அமைவது. நெருக்கத்தாற் படும் துன்பத்துக்குத் தமிழிற் பெயர் பல. நிலையின்மையாற் படும் துன்பத்துக்கு ஈழத்துத் தமிழர் தம் வாழ்வினின்றும் ஒரு பெயரைப் பயிற்றி வளர்த்துள்ளனர். ஆசிரியரின் சிவப்பு மை அதனைக் கீற வேண்டியதில்லை. பொருளின்றி அச்சொல் வந்தவிடத்து, 'எவ்விரண்டுக்கு நடுவே?' என்னும் வினாவை ஓரத்தில் எழுதுதல் போதும். அவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் சொல்லின் பொருளோடு, அச்சொல்லால் அழைக்கும் மனிதரின் நிலையையும் அறிந்து கொள்வான்.